முடிவுக்கு முன் எழுந்து வந்த படங்கள்

1

பள்ளிப்படிப்பு முடியும்வரை நான் எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை. இங்கே அயர்லாந்தில் சொன்னால் யாரும் நம்புவதில்லை, நீங்களாவது நம்புங்கள். சின்னசேலத்தில் மாலைக்காட்சி முடியும் நேரமும் நைனார்பாளையத்துக்குக் கடைசி பஸ் கிளம்பும் நேரமும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. கதாநாயகியைக் கட்டிப்போட்டிருப்பார்கள், கதாநாயகன் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருப்பான், சரியாக அப்போது எங்கள் அப்பா எழுந்து வேட்டியை உதறுவார்.

"எய்ந்திரிங்கடா. பஸ்ஸு பூடும்."

நானும் தம்பி அருளும் திரையைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வெளியே வருவோம். யார் காலையாவது மிதித்துத் திட்டு வாங்காமல் வந்ததாக நினைவில்லை.

அப்பா பெயர் சவரிமுத்து. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் ஓட்டினார். ஆலை வாசலில் லோடு இறக்க முறை வரும்வரை டிராக்டருக்கு அடியிலேயே துண்டை விரித்துப் படுத்துக் காத்துக்கிடப்பார். அந்தப் பொறுமையில் கால்வாசியாவது சினிமாக் கொட்டகையில் இருந்திருக்கலாம். இருக்காது. பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவோம். சமாதானத்துக்கு அவரே முடிவைச் சொல்வார்.

"அப்பால இன்னா? சண்ட போட்டான், ஜெயிச்சான். எல்லாரும் வூடு வந்து சேந்துட்டாங்க. அவ்ளோதான்."

எந்தப் படமானாலும் இதுதான் முடிவு. கதாநாயகன் செத்துப்போகிற படத்துக்கும் இதையேதான் சொன்னார். மறுநாள் பள்ளியில் பையன்கள் சொல்லித்தான் அவன் செத்தது எங்களுக்குத் தெரிந்தது. அருள் அப்பாவிடம் சண்டைக்குப் போனான். அப்பா அசரவில்லை. "செத்தா இன்னாடா, வூட்டுக்குத்தான எடுத்தாருவாங்க" என்றார்.

இந்த மாதத்தோடு அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது. அடக்கத்துக்கு நான் போகவில்லை. போக முடியவில்லை என்று எழுதினால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

2

என் பெயர் லூர்துசாமி. அயர்லாந்தின் நடுப்பகுதியில், ஒரு தேவாலயமும் ஐந்தாறு மதுக்கடைகளும் ஒரு பெட்ரோல் பங்கும் உள்ள சிற்றூரில் இருக்கிறோம். மனைவி ஜெசிந்தா முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தவன் நான். எனக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. வெண்ணெய், தயிர், பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் பிரித்து அடுக்கி லாரிக்கு அனுப்புவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் விரல்கள் மரத்துப்போகும். இப்போது மரத்துப்போனதுகூடத் தெரிவதில்லை.

என் பெயரைக் கேட்டால் இங்குள்ள பாட்டிகளின் முகம் மலர்ந்துவிடும். பிரான்சில் இருக்கும் லூர்து மாதா கோவிலுக்கு வருடாவருடம் கூட்டமாகப் போய் வருகிறவர்கள் அவர்கள். "நீ போயிருக்கிறாயா?" என்பார்கள். நைனார்பாளையத்திலிருந்து நேராக இங்கே வந்தவன், எங்கே போனேன்? இல்லை என்று சொன்னால் அவர்கள் என் பெயரையே சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

மகள் நிவேதாவுக்குப் பதினாறு வயது. இங்கே பள்ளியில் நடுவில் ஒரு வருடம் பரீட்சைத் தொல்லை இல்லாமல் பிள்ளைகளை மேய விடுகிறார்கள். மலை ஏறுகிறார்கள், முதலுதவி படிக்கிறார்கள், சமைக்கிறார்கள். அந்த வரிசையில் சினிமாவும் வந்தது. புதிதாக எடுக்கப்பட்ட அயர்லாந்து ஆவணப்படங்களையும் குறும்படங்களையும் வீட்டிலிருந்தே பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அதில் சிலவற்றைப் பார்த்து எழுதி வரவேண்டும். வீட்டில் ஒருவரோடு சேர்ந்து பார்க்கவேண்டும் என்பது ஆசிரியையின் நிபந்தனை. ஜெசிந்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை உண்டு. ஆகையால் நான்.

இப்படியாக ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, வெளியே மழை தூறிக்கொண்டிருக்க, நானும் என் மகளும் அயர்லாந்துக்காரர்களின் துக்கங்களைப் பார்க்க உட்கார்ந்தோம்.

இந்தப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒன்றுமே நடக்காது. ஒரு கிழவர் சதுப்பு நிலத்தில், காயவைத்து அடுப்பெரிக்கும் கரிமண்ணை வெட்டுகிறார். வெட்டி முடிந்ததும் நிற்கிறார். பிறகு வானத்தைப் பார்க்கிறார். இன்னொன்றில் ஒரு பெண் அண்ணனோடு பல வருடமாகப் பேசவில்லை. ஒரே சமையலறையில்தான் இரண்டு பேரும் இருக்கிறார்கள். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது. அவள் அவனுக்கும் சேர்த்து டீ போடுகிறாள். அவ்வளவுதான், பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. "முடிஞ்சிதா?" என்று கேட்டேன். "முடிந்துவிட்டது, அவள் டீ போட்டாளே" என்றாள் நிவேதா ஆங்கிலத்தில். நான் ரிமோட்டைப் பார்த்தேன்.

அவள் எனக்குப் பாடம் நடத்தினாள். பேசுகிற ஆளையே பார்க்கக் கூடாதாம். கேமரா அசையாமல் நிற்கும்போது ஓரத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். "ஓரத்தைப் பாருங்கள் அப்பா, நடு எப்போதும் பொய் சொல்லும்" என்றாள். ஆசிரியை சொல்லிக் கொடுத்ததாக இருக்கும்.

சில படங்கள் ஐரிஷ் மொழியில். எனக்குக் கீழே ஆங்கில எழுத்து ஓடவேண்டும். அவளுக்குத் தேவையில்லை, பள்ளியில் படிக்கிறாள். சில இடங்களில் எழுத்து தப்பு என்று திருத்துகிறாள். நைனார்பாளையத்திலிருந்து அவளுடைய ஆயா, என் அம்மா, போனில் பேசினால் மட்டும் இரண்டாவது வாக்கியத்தில் போனை என்னிடம் நீட்டுகிறாள். இதற்காகக் கோபப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது வாங்கிப் பேசிவிடுகிறேன்.

3

போன வாரம் அருள் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினான். கூட ஒரு வார்த்தை இல்லை. முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஊர் முகப்பில் கட்டப்போகும் பிளெக்ஸ் பேனர். நடுவில் அப்பா. டிராக்டர் லைசென்சுக்கு எடுத்த போட்டோவை வெட்டி, கோட்டும் டையும் மாட்டிவிட்டிருந்தார்கள். அப்பா ஆயுளில் கோட்டு போட்டதில்லை. இரண்டு பக்கமும் புறா. கீழே மாதா. அதற்கும் கீழே குடும்பத்தார் பெயர்கள், முதலில் என்னுடையது: லூர்துசாமி, அடைப்புக்குறிக்குள் அயர்லாந்து. படித்து வாங்கிய பட்டம் மாதிரி இருந்தது.

'நல்லா இருக்குது' என்று பதில் போட்டேன். அவன் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினான். ஒரு வருடமாக எனக்கும் என் தம்பிக்கும் நடுவில் பேச்சு இந்த அளவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அம்மாதான் பேசுவாள். நினைவுப் பூசை எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு யார் யாருக்குச் சொல்லியிருக்கிறது என்பதெல்லாம் முடிந்த பிறகு மெதுவாக ஆரம்பிப்பாள்.

"கல்லற மட்டும் இன்னும் கட்டலப்பா. மண்ணு மேடாவே கெடக்குது. ஊர்ல கேக்கறாங்க, பெரிய புள்ள வெளிநாட்டுல கீறான், அப்பனுக்கு ஒரு சிமெண்டு கூடவா போடலன்னு."

"நான் எத்தினி தடவ சொல்லிட்டேன், கொத்தனார வெச்சி கட்டச் சொல்லி. அருளு இருக்கட்டும் இருக்கட்டும்னு தள்ளிக்கினே போறான்."

"அவன் இன்னா நெனச்சிக்கினு கீறான்னு எனக்கு இன்னா தெரியும்? நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிங்க."

நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. நான் வரவில்லை என்ற கோபத்தில்தான் கல்லறையைக் கட்டாமல் போட்டு வைத்திருக்கிறான், ஊர் என்னைப் பேசட்டும் என்றுதான், என்று எனக்குள் முடிவு கட்டியிருந்தேன். அது எனக்கு வலித்ததா என்றால் அதுவும் இல்லை. கிடங்கில் கையுறை போட்டுக்கொண்டு பெட்டியைத் தொடுவது போல இருந்தது. பெட்டி இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

4

அந்த நாளைச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது.

அப்பா காலையில் டீ குடித்துவிட்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். செய்தி வந்தபோது என் பாஸ்போர்ட் கையில் இல்லை. புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அவசரம், தகப்பனார் இறந்துவிட்டார் என்று எழுதினேன். 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. தங்கள் பொறுமைக்கு நன்றி' என்று பதில் வந்தது. நான் பொறுமையாக இருப்பதாக அவர்களுக்கு யார் சொன்னார்களோ. அடக்கம் நடந்த அதே வாரத்தில் பாஸ்போர்ட் பளபளவென்று தபாலில் வந்தது. முப்பதாம் நாளுக்காவது போய்விட்டு வாங்க என்றாள் ஜெசிந்தா. போய்? என்று கேட்டேன். அவள் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனாள்.

அடக்கத்தன்று வேலைக்குப் போனேன். ஜெசிந்தாவுக்கு ஷிப்ட், மகளுக்குப் பள்ளி, வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. உடன் வேலை செய்யும் மார்ட்டின் என்ற பெரியவர் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து கையைப் பிடித்து, "உன் கஷ்டத்துக்கு வருந்துகிறேன்" என்றார். இங்கே சாவுக்கு இப்படித்தான் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. எந்தக் கஷ்டம், பாஸ்போர்ட்டா என்று நினைத்தேன்.

ஊரில் சாயங்காலம், இங்கே காலை டீ இடைவேளை. கேன்டீன் மூலையில் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கல்லறைத் தோட்டத்தில் அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பங்குச் சாமியார் குழியை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தது தெரிந்தது. பெட்டி இறங்கியது. எங்கள் பக்கம் மூத்த பிள்ளை முதல் பிடி மண் போட்ட பிறகுதான் மற்றவர்கள் போடவேண்டும். எல்லாரும் நின்றார்கள்.

அருள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, போனுக்கு முன்னால் நீட்டினான். திரை முழுக்க அவன் கையும் செம்மண்ணும்.

"தொடுண்ணா" என்றான். "நீ தொட்டுக் குடு, நான் போடறேன்."

இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை. அவனாக யோசித்திருக்க வேண்டும். அப்போது எனக்கு அது கொஞ்சம்கூட விசித்திரமாகப் படவில்லை. கையை நீட்டி, நான்கு விரலாலும் அந்த மண்ணைத் தொட்டேன்.

தொட்ட இடத்தில்தான் சிவப்புப் பொத்தானும் இருந்தது. அழைப்பு துண்டாகிவிட்டது.

உடனே கூப்பிட்டேன். பிஸி. மறுபடி கூப்பிட்டேன். பிஸி. அவர்கள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நான் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். யாராவது ஒருவர் சும்மா இருந்திருந்தால் லைன் கிடைத்திருக்கும். இரண்டு பக்கமும் சும்மா இருக்கத் தெரியாத குடும்பம். இடைவேளை முடிந்து மணி அடித்தது. போனை லாக்கரில் வைத்துவிட்டுக் கிடங்குக்குள் போனேன். மதியம் எடுத்துப் பார்த்தபோது அருளிடமிருந்து ஒரே சொல் வந்திருந்தது. 'முடிஞ்சிது.'

நான் தொட்ட மண் விழுந்ததா இல்லையா என்று அவனிடம் கேட்கவில்லை. விழுந்திருக்கும். விழாமல் எங்கே போகும்?

சில வாரம் கழித்து, சின்னசேலத்து ஸ்டூடியோக்காரர் எடுத்த முழு வீடியோவின் லிங்க்கை அருள் அனுப்பினான். அதைத் திறக்கவில்லை. அழிக்கவும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஊர்பேர் தெரியாத கிழவர்கள் வானத்தைப் பார்ப்பதைப் பார்த்தேன். அந்த லிங்க் மட்டும் போனில் அப்படியே கிடந்தது.

5

போன ஞாயிறு வந்தது அந்தக் குறும்படம்.

மேற்குக் கரையில் ஏதோ ஒரு கிராமம். ஒருவர் இறந்துவிட்டார். அங்கே குழி வெட்ட ஆள் வைப்பதில்லை. அக்கம்பக்கத்து ஆண்கள் வந்து வெட்டுகிறார்கள். சொந்தக்காரர்கள் மண்வெட்டியைத் தொடக் கூடாதாம். நான்கு பேர் மாற்றி மாற்றி வெட்டுகிறார்கள், ஒருவர் பிளாஸ்கில் டீ கொண்டு வருகிறார், கால்பந்தைப் பற்றிப் பேசுகிறார்கள். வெட்டி முடித்ததும் குழியின் மேல் இரண்டு மண்வெட்டிகளைச் சிலுவை போலக் குறுக்காக வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இறந்தவரின் மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். அவன் இணையத்தில் பார்ப்பதற்காகத் தேவாலயத்தின் கேமராவைப் போட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே எல்லாக் கோவிலிலும் அப்படி ஒன்று உண்டு. அடக்கத்துக்குப் போகும் முன் குழி வெட்டியவர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேமராவை நிமிர்ந்து பார்க்கிறார். கை ஆட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை அவருக்கு. லேசாகத் தலையை மட்டும் அசைக்கிறார்.

அந்த இடத்தில் எழுந்துவிட்டேன். டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். வேட்டி கட்டியிருந்தால் உதறியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"அப்பா, நில்லுங்க. இன்னும் முடியல" என்றாள் நிவேதா தமிழில். படத்தை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே வந்தாள். கொஞ்ச நேரம் பிரிட்ஜைத் திறந்து மூடினாள். பிறகு கேட்டாள்:

"தாத்தாவுக்கு இப்படி வீடியோ இருக்கா?"

"இருக்குது."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "நான் பாக்கலாமா?" என்றாள். அவளுக்குத் தாத்தாவைத் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருந்தவன் நான். கடைசியாக ஊருக்குப் போனபோது அவர் அவளை டிராக்டர் மட்கார்டில் உட்காரவைத்து ஊரைச் சுற்றிவந்தாராம். அவர் சொன்னதில் பாதி புரியவில்லையாம். நன்றாக இருந்ததாம். இதையெல்லாம் இப்போதுதான் சொல்கிறாள்.

போனை அவளிடம் கொடுத்தேன். அவள் அதை டிவியில் போட்டாள்.

6

ஸ்டூடியோக்காரர் தன் திறமையில் குறை வைக்கவில்லை. ரோஜா இதழ்கள் கொட்டின. புறா பறந்தது. பேச்சுச் சத்தத்தை முழுவதும் எடுத்துவிட்டு, ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரு சோகமான பாட்டு இசையை ஓடவிட்டிருந்தார். ஜனங்கள் வாயசைக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. அப்பாவின் முகம் நிறைய நேரம் வந்தது. யாரோ ஒருவரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். நிவேதா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். உண்மையிலேயே ஒன்றும் இல்லை.

கல்லறைத் தோட்டம் வந்தது. முந்தின நாள் மழை பெய்திருக்க வேண்டும், பின்னால் கல்வராயன் மலை மடிப்பு மடிப்பாகத் தெளிவாகத் தெரிந்தது. அருள் குனிந்து மண்ணை எடுத்தான். அம்மா கையில் இருந்த போனுக்கு நேராக நீட்டினான். அந்தப் போனுக்குள் நான் இருந்தேன், ஒரு சின்ன வெளிச்சமாக. பிறகு அம்மாவின் முகம் மாறியது. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ வாங்கித் தட்டினார். அருள் மூடிய கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தான். சாமியார் காத்திருந்தார். கூட்டம் காத்திருந்தது. ரொம்ப நேரம். ஸ்டூடியோக்காரருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது, கேமராவை மாலைகளின் பக்கம் திருப்பிவிட்டார்.

"அப்பா, ஓரத்தைப் பாருங்கள்" என்றாள் நிவேதா.

திரையின் வலது ஓரத்தில் அருளின் பாதி உடம்பு தெரிந்தது. சாமியார் ஏதோ சொல்ல, அருள் தலையாட்டினான். குனிந்து இடது கையால் மண்ணை அள்ளிக் குழியில் போட்டான். பக்கத்தில் இருந்த பெரியவர் அவனை அதட்டுவது தெரிந்தது. இடது கையால் போடுகிறாயே என்றுதான் இருக்கும். அவன் வலது கையைத் திறக்கவே இல்லை. மூன்று பிடியும் இடது கையால் போட்டான். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவன் கொஞ்சம் ஒதுங்கிக் குந்தி, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை இடது கையால் உருவி, முழங்காலில் விரித்து, மூடிய கையிலிருந்த மண்ணை அதில் கொட்டினான். ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டான். அதைப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு சட்டையை ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டான்.

கேமரா மறுபடி நடுவுக்குப் போய்விட்டது. ரோஜா இதழ் கொட்டியது.

இரண்டாம் முறை போட்டுப் பார்த்தோம். பிறகு சமையலறைக்கு வந்து அருளைக் கூப்பிட்டேன். முதல் தடவையே எடுத்தான்.

"இன்னாண்ணா, இந்த நேரத்துல? பேனர்ல எதனா மாத்தணுமா?"

"அந்த மண்ணு எங்கடா?"

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது கேட்டது. யாரையோ அணைக்கச் சொன்னான்.

"பீரோ மேல கீது. காபித்தூள் டப்பாவுல போட்டு வெச்சிக்கிறேன். ஏன்?"

"நீ போடலியா?"

"அது உன்துண்ணா. நீ தொட்டியா, தொடறதுக்குள்ள கட்டாயிடுச்சான்னு எனக்கு இன்னா தெரியும்? தொடாத மண்ண உன் பேர சொல்லிப் போட சொல்றியா? அண்ணன் வந்து போடட்டும், நான் எடுத்து வெக்கறேன்னு சாமியாராண்ட சொல்லிட்டேன்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"அதான் வீடியோ அனுப்பினேனே. பாத்துருப்பன்னு நெனச்சேன். பாத்துட்டு நீ ஒரு வார்த்த கேக்கல. சரி, அண்ணனுக்கு வர்றதுக்கு மனசு இல்ல போல, நாம ஏன் வாயத் தொறந்து கேக்கணும்னு வுட்டுட்டேன்."

"நான் இன்னிக்குத்தான்டா பாத்தேன்."

"இன்னிக்கா?"

"இப்பதான்."

ஒரு வருடம் முழுக்க நான் அவன் மேல் ஒரு கணக்கு வைத்திருந்தேன், அவன் என் மேல் ஒரு கணக்கு வைத்திருந்தான். அன்றைக்கு மாதிரியே இரண்டு பக்கமும் பிஸி.

"கல்லறைய ஏன் கட்டாம வெச்சிக்கிற?" என்றேன்.

"சிமெண்டு போட்டுட்டா நீ வந்து எங்க போடுவ?"

ஊர் முழுக்க என்னைப் பேசுகிறது என்று அம்மா சொன்னாள். உண்மையில் அந்தப் பேச்சையெல்லாம் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் அவன்.

"முடிஞ்சிதுன்னு மெசேஜ் போட்டியேடா" என்றேன். எதையாவது பேசவேண்டும் என்று கேட்டதுதான்.

"ஊருக்கு முடிஞ்சிது. நமக்கு இன்னா முடிஞ்சிது? பஸ்ஸுல அப்பா இன்னா சொல்லும்? எல்லாரும் வூடு வந்து சேந்துட்டாங்கன்னு சொல்லும்ல. நீ எங்க வந்து சேந்த?"

அந்த இடத்தில்தான் நான் உடைந்துபோனேன். ஒரு வருடமாக அந்த அழுகை எங்கே இருந்தது என்று தெரியவில்லை. மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்பதுகூட நினைவில்லாமல், சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டு, வாய் விட்டு அழுதேன். நிவேதா போனை என் கையிலிருந்து வாங்கினாள். எப்போதும் நான் அவள் கையிலிருந்து வாங்குவதுதான் வழக்கம்.

"சித்தப்பா, நான் நிவேதா" என்றாள். "அப்பா அழறாங்க. வெயிட் பண்ணுங்க."

அருள் காத்திருந்தான். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு வாங்கியபோதும் அவன் லைனில்தான் இருந்தான். அவன் குரலும் சரியாக இல்லை.

"நாள கடத்தாதண்ணா" என்றான். "ஒவ்வொரு மழைக்கும் மேடு கீழ எறங்குது. நான் மேல மேல மண்ணு கொட்டிக்கினு கீறேன். எத்தினி நாளைக்குத் தாங்கும்?"

"வரேன்டா" என்றேன்.

"நெனவு நாளுக்கே வந்துடறியா?"

"வரேன்."

"அப்ப பேனர்ல உன் பேருக்குப் பக்கத்துல அயர்லாந்த எடுத்துடச் சொல்றேன்" என்றான் என் தம்பி.